தைவான் படங்களில் பேய் ஏன் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது?

#1 | கடைசிவரிசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் படங்களின் முடிவுகள் வெளிப்படையாக வரும். 'எ சன்', 'மேரி மை டெட் பாடி', 'டிடென்ஷன்', 'தி கிரேட் புத்தா பிளஸ்', 'இன்கான்டேஷன்' பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இழை எங்கும் ஓடிவிடாது.

ஒரு மாதமாகத் தைவான் படங்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்துவைத்தது சுங் மோங்-ஹோங் இயக்கிய 'எ சன்' (2019). மழை இரவு. இரண்டு பையன்கள் ஒரே பைக்கில் வந்து ஓர் உணவகத்துக்குள் நுழைகிறார்கள். ஒருவன் கத்தியை ஓங்குகிறான். வெட்டுப்பட்ட கை கொதிக்கிற சூப்புச் சட்டியில் போய் விழுகிறது. சரி, ரவுடிப் படம்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். படம் அந்த ரவுடித்தனத்தை அங்கேயே விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் போய்விட்டது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பைக்கில் வந்த இருவரில் ஒருவன் அவருடைய இளைய மகன். மகனுக்காக நீதிபதியிடம் கெஞ்சுவார் என்று பார்த்தால், 'உள்ளே போடுங்கள்' என்கிறார். பயிற்சிக்கு வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், 'ஒன்று' என்கிறார். அந்த ஒன்று, மருத்துவப் படிப்புக்காக முட்டிமோதிக்கொண்டிருக்கும் மூத்தவன். அவன்தான் ஒரு நாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மாடியிலிருந்து குதிக்கிறான். பயிற்சிப் பள்ளியின் நோட்டுகளை அப்பா வருடாவருடம் பெருமையாக அவனுக்குக் கொடுத்திருக்கிறார். அட்டையில் 'நேரத்தைப் பிடி, திசையைத் தீர்மானி' என்கிற மாதிரி ஒரு வாசகம். பையன் போனபிறகு அவற்றைப் புரட்டுகிறார். ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

எனக்கு விளங்காதது இதுதான். அங்கே குடும்பப் படம், குற்றப் படம், பேய்ப் படம் என்று தனித்தனியாக எதுவுமே கிடைப்பதில்லை. எதை எடுத்தாலும் மற்ற இரண்டும் கூடவே வருகின்றன. என் ஊகம்: அங்கே பேய் பழிவாங்க வருவதில்லை, வீட்டில் தனக்கொரு இடம் கேட்டு வருகிறது. குற்றமும் போலீஸிடம் போவதற்கு முன்பே வீட்டுக்குள் விசாரிக்கப்பட்டுவிடுகிறது. அடித்துச் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

#2 | தேநீர் இடைவேளை

'எ சன்' பேய்ப் படமா? செத்துப்போன மகன் அப்பாவின் கனவில் வருகிறான், அவ்வளவுதான். அதைப் பேய் என்றால் பழைய படங்களில் மாலை போட்ட ஃபோட்டோவைப் பார்த்துப் பேசுகிற காட்சி எல்லாமே பேய்க் காட்சிதான்.

'இடம் கேட்டு வருகிறது' என்பதும் எனக்கு ஒட்டவில்லை. 'தி டேக்-அலாங்' (2015) பார்த்தீர்களா? அந்தச் சிவப்பு உடைச் சிறுமி யார் வீட்டிலும் ஒண்ட வரவில்லை. ஆட்களை மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள்.

#3 | ஸின்சூக்காரன்

ஆராய்ச்சிப் படிப்புக்காக ஆறு வருடம் தைவானில் ஸின்சூ நகரத்தில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு உடைச் சிறுமி சினிமாவுக்காகக் கட்டிய கதை இல்லை. 1998 வாக்கில் தைச்சுங் நகரத்தை ஒட்டிய தாகெங் மலைப்பாதையில் ஒரு குடும்பம் நடந்துபோனதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். பேய் நிகழ்ச்சி நடத்துகிற டிவி ஒன்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. குடும்பம் வரிசையாக நடக்கிறது, கடைசியில் சிவப்பு உடையில் ஒரு பிள்ளை வருகிறது, அது யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அங்கே இருந்தபோது இதைத் தெரியாத ஆளே கிடையாது. தேநீர் அண்ணா, இதில் பயமே குடும்பக் கணக்கில் ஓர் ஆள் கூடிவிட்டதுதானே? ஆளை இழுத்துக்கொண்டு போவது அப்புறம்தான்.

மலையில் ஆளைக் கூட்டிக்கொண்டுபோகிற ஒன்றை அங்கே 'மோசினா' என்பார்கள். வழிதவறிப்போன முதியவர்கள் நாட்கணக்கில் கழித்துக் கிடைத்தால், வாயில் வெட்டுக்கிளியும் இலையும் இருந்தது என்று பேச்சு கிளம்பும். படத்தில் முதலில் காணாமல்போவதும் வயதானவர்கள்தான். பேரன் வேலைக்குப் போய்விடுகிறான், பாட்டி தனியாக இருக்கிறாள். கவனித்தீர்களா தெரியவில்லை, அந்தப் பேரன் பார்ப்பது வீடு விற்கிற தரகு வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தைவானில் வீடு விற்கும்போது, விற்பவர் கொடுக்கிற விவர அறிக்கையில் அந்த வீட்டில் கொலை, தற்கொலை மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்கிற இடம் இருக்கிறது. மறைத்தால் வழக்கு வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 'ஷியோங்ஜாய்' என்று தனிப்பெயர், விலையும் இறங்கிவிடும். பேய் உண்டா இல்லையா என்று சட்டம் சொல்லாது. பேயால் விலை குறைந்தது என்பதை மட்டும் சட்டம் ஒத்துக்கொள்ளும்.

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பேய் மாதம். பேய் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், 'நல்ல சகோதரர்கள்' என்பார்கள். நான் குடியிருந்த தெருவில் ஒரு சின்ன கடைக்காரர் மடக்கு மேசையை வாசலில் விரித்து நூடுல்ஸ் பாக்கெட், பீர் கேன், பழம், பிஸ்கட் எல்லாம் அடுக்கி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் ஊதுவத்தி குத்திவைத்திருந்தார். மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர், பக்கத்தில் புதுத் துண்டு. எதற்கு என்று கேட்டேன். 'தூரத்திலிருந்து வருகிறார்கள் இல்லையா, முகம் கழுவ வேண்டாமா?' என்றார். எனக்கு அது போதும். கடைசிவரிசை சொல்வது சரி.

#4 | தேநீர் இடைவேளை

முகம் கழுவத் துண்டு! சரி, அந்த ஒன்றுக்காக ஒரு படி இறங்கிவருகிறேன். ஆனால் நல்ல சகோதரர்கள் என்பது வேறு, குடும்பம் என்பது வேறு இல்லையா? வாசலில் மேசை போடுகிறார்கள் என்றால் வீட்டுக்குள் விடவில்லை என்றுதானே அர்த்தம்?

#5 | வெள்ளிக்கிழமைக்காரி

தேநீர் தெரிந்து கேட்டாரோ தெரியாமல் கேட்டாரோ, சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். வாசலில் மேசை போடுவது யாருக்கு? வீட்டுக்குள் பெயர்ப்பலகை, அதாவது இறந்தவர் பெயரை எழுதிப் பூஜைமேசையில் வைத்துக் கும்பிடுகிற பலகை, இல்லாதவர்களுக்கு. சொந்தப் பிள்ளைகள் கும்பிட்டால் மூதாதை, கும்பிட ஆளில்லை என்றால் பேய். அந்தப் பிரிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இதில் சிக்கிக்கொள்கிறவள் கல்யாணமாகாமல் இறந்த பெண். வம்சம் ஆண் வழியாகப் போகிற வீட்டில் மகளின் பெயர்ப்பலகைக்குப் பிறந்த வீட்டுப் பூஜைமேசையில் இடமில்லை, அவளுக்குரிய இடம் புகுந்த வீட்டில்தான். கல்யாணமே ஆகவில்லையென்றால்? அதற்குத்தான் பேய்க் கல்யாணம். அவளுடைய பிறந்த நேரக் குறிப்பு, முடி, நகம் எல்லாம் வைத்த சிவப்பு உறையைத் தெருவில் போட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் மறைந்து நிற்பார்கள். எடுக்கிற ஆண்தான் மாப்பிள்ளை.

'மேரி மை டெட் பாடி'யில் (2023 பிப்ரவரியில் தைவானில் வெளியானது, இயக்கம் 'தி டேக்-அலாங்' எடுத்த அதே செங் வெய்-ஹாவ்) உறையை எடுப்பவன் ஒரு போலீஸ்காரன், ஓரினச்சேர்க்கையாளர்களைக் கண்டாலே முகம் சுளிக்கிற ரகம். ஆதாரம் என்று நினைத்துக் குனிந்து எடுக்கிறான். மறைந்து நின்ற பாட்டிமார்கள் குபீரென்று வெளியே வருகிறார்கள். மணப்பெண் இல்லை, மணமகன், மாவ்மாவ் என்கிற இளைஞன், சாலை விபத்தில் இறந்தவன். தியேட்டரே சிரிக்கிற காட்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள், பெண்ணுக்கென்று இருந்த வழக்கத்தை அந்தப் பாட்டி பேரனுக்குச் செய்கிறாள். 2019 மே 24 முதல் தைவானில் ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும், ஆசியாவிலேயே முதலில் அங்கேதான். உயிரோடு இருந்தபோது பேரன் செய்ய ஆசைப்பட்ட கல்யாணத்தை, செத்தபிறகு பாட்டி பழைய சடங்கை வைத்து முடித்துவைக்கிறாள். படத்தின் சீனத் தலைப்பே 'நானும் பேயும் குடும்பமாகிப்போன அந்தக் கதை' என்கிற மாதிரிதான் வரும். கடைசிவரிசை ஊகம் என்று சொன்னதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார்கள்!

இன்னொன்று, இது சினிமா இல்லை. காவ்ஷியோங் துறைமுகத்துக்கு எதிரே சிஜின் என்று ஒரு தீவு. 1973 செப்டம்பர் 3 அன்று காலையில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்த படகு கவிழ்ந்தது. இறந்தவர்கள் 25 பேர். அத்தனை பேரும் கல்யாணமாகாத பெண்கள். சில வீடுகளுக்கு அவர்கள் சம்பளம்தான் கஞ்சி. ஆனால் பெயர்ப்பலகை வைக்க வீட்டில் இடமில்லை. 25 பேரையும் ஒரே இடத்தில் புதைத்து '25 கன்னியர் கல்லறை' என்று பெயர் வைத்தார்கள். அந்த வழியாகப் போகிற ஆண்களின் பைக் நின்றுவிடும் என்று ஊரில் பேச்சு. பெண்ணிய அமைப்புகள் விடாமல் கேட்டதால் 2008இல் நகராட்சி அதைப் பெண் தொழிலாளர் நினைவுப் பூங்கா என்று மாற்றியது. வேலைக்குப் போகிற வழியில் செத்தவர்களை 35 வருடம் புருஷன் தேடுகிற பேய்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது எந்தப் பேய்ப் படத்தைவிடவும் வயிற்றைப் பிசைகிறது.

#6 | கடைசிவரிசை

வெள்ளிக்கிழமைக்காரி, இது தெரியாது எனக்கு. இரண்டு தடவை படித்தேன்.

#7 | ஜோக்கர் 2.0

தைவான் என்றதும் யாராவது 'லைஃப் ஆஃப் பை'யைப் பற்றிப் பேசுவீர்கள் என்று பார்த்தேன். இயக்குநர் ஆங் லீ தைவான்காரர், கதைநாயகன் நம்ம பாண்டிச்சேரி, கடல் காட்சிகள் தைச்சுங்கில் பழைய விமான நிலையத்தில் தொட்டி கட்டி எடுத்தது. குடும்பம் இருக்கிறது, குற்றமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், புலிதான் பேய். 😀

#8 | நெறியாளர்

ஜோக்கர், அதற்குத் தனி இழை இருக்கிறது. புலியை அங்கே கட்டிவிட்டு வாருங்கள்.

#9 | சப்டைட்டில் சண்டியர்

எல்லோரும் பேயைப் பற்றியே பேசுகிறீர்கள், குற்றம் அனாதையாக நிற்கிறது.

முதலில் ஒரு பெயர் விஷயம். 'எ சன்'னில் கை வெட்டுப்படுகிறவன் பட்டப்பெயர் ஆங்கில சப்டைட்டிலில் 'ஓடன்'. வெட்டியவன் 'ராடிஷ்'. இரண்டுமே தைவான் ஹொக்கியன் பேச்சில் இருக்கிற பட்டப்பெயர்கள், 'ஓலியென்', 'சைத்தாவ்'. சைத்தாவ் நம் வெள்ளை முள்ளங்கி. ஓலியென் ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்து ஓடன் என்ற சொல்லிலிருந்து வந்தது, மீன் மாவில் செய்த பண்டம். இரண்டும் ஒரே சட்டியில் வேகிற பொருள்! தைவானில் எந்த 24 மணி நேரக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். முதல் காட்சியில் கை விழுவதும் சட்டியில். சிறையிலிருந்து வந்த இளைய மகன் ராத்திரி வேலை பார்ப்பது அந்த மாதிரிக் கடையில். 'ஒரே பிள்ளை' என்ற அப்பா அவனோடு மறுபடி பேசத் தொடங்குவதும் அந்தக் கடையில்தான். இயக்குநர் யோசித்து வைத்தாரா, அதுவாக அமைந்ததா என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் வெறும் ஓடன், ராடிஷ் என்று படித்தவர்களுக்கு இது போயே போச்சு.

குற்றத்துக்கு வருகிறேன். முள்ளங்கிப் பையன் விடுதலையாகி வந்து இளையவனை விடாமல் பிடித்து ஆட்டுகிறான். அப்புறம் ஒரு நாள் அவன் இல்லை. என்ன ஆயிற்று என்று நமக்கு உடனே சொல்லமாட்டார்கள். கடைசியில் அப்பா மனைவியை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், நான்தான் கொன்றேன் என்கிறார். பெற்றது ஒன்றுதான் என்று சொல்லித் திரிந்த ஆள், இல்லை என்று சொன்ன பிள்ளைக்காகக் கொலை செய்கிறார். போலீஸ் வருவதில்லை. படம் அவரை நல்லவர் என்றும் சொல்லவில்லை, கெட்டவர் என்றும் சொல்லவில்லை. மனைவி அழுகிறாள், அவ்வளவுதான். இந்த நடிப்புக்குத்தான் அப்பாவாக வரும் சென் யி-வென்னுக்கு அந்த வருடம் கோல்டன் ஹார்ஸ், தைவானின் பெரிய சினிமா விருது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் விருதுகளும் இதற்கே.

#10 | தேநீர் இடைவேளை

சண்டியர், முள்ளங்கி விஷயம் அட்டகாசம். அந்த அப்பாவை நீங்கள் விட்டுக்கொடுப்பதுதான் இடிக்கிறது. ஒருவனைக் கொன்றுவிட்டுப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்ததா? செத்தவனுக்கு வீடு இல்லையா?

#11 | சப்டைட்டில் சண்டியர்

இருந்திருக்கலாம். படம் அங்கே போகவில்லை. அதுதான் எனக்கும் உறுத்தல்.

#12 | கடைசிவரிசை

தேநீரின் கேள்வியால் என் ஊகத்தையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று 'தி கிரேட் புத்தா பிளஸ்' (2017, ஹுவாங் ஸின்-யாவ்) மறுபடி பார்த்தேன். இதைத் தயாரித்தவர்களில் ஒருவர் சுங் மோங்-ஹோங். ஒளிப்பதிவும் அவரே, நகாஷிமா நாகாவ் என்ற ஜப்பானியப் புனைபெயரில். அவருடைய 'எ சன்'னிலும் கேமராவுக்கு அதே பெயர்தான் போட்டிருப்பார்கள்.

பார்க்காதவர்களுக்கு: புத்தர் சிலை வார்க்கிற ஒரு தொழிற்சாலை. ராத்திரிக் காவலாளியின் பட்டப்பெயர் ஊறுகாய், அவனுடைய நண்பனின் பட்டப்பெயர் தொப்புள், குப்பையில் பொறுக்கி விற்பவன். இருவருக்கும் பொழுது போகவில்லை. முதலாளியின் காரில் முன்பக்கம் பொருத்திய கேமராவில், அதாவது டேஷ்கேமில், பதிவானதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார்கள். படம் முழுக்கக் கருப்பு வெள்ளை, அந்த டேஷ்கேம் காட்சி மட்டும் கலர். பணக்காரன் வாழ்க்கைக்கு மட்டும்தான் கலர்! அதில் முதலாளியின் சல்லாபம் எல்லாம் கேட்கிறது, சிரிக்கிறார்கள். அப்புறம் ஒரு கொலை. முதலாளி தன் பழைய காதலியைக் கொன்று உடலைப் பெரிய புத்தருக்குள் வைத்து மூடிவிடுகிறான்.

பார்த்த இருவரில் தொப்புள் செத்துப்போகிறான். எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. சவ ஊர்வலத்துக்கு ஒரு நல்ல ஃபோட்டோகூட அவனுக்கு இல்லை. அப்புறம்தான் ஊறுகாய் முதல் தடவையாக அவன் குடிசைக்குள் போகிறான். உள்ளே பறக்கும் தட்டு மாதிரி ஒரு கூண்டு, அதுதான் படுக்கை. அது நிறையப் பொம்மைகள், காசு போட்டால் இடுக்கியால் பொம்மை பிடிக்கிற கிளா மெஷினில் எடுத்தவை. இவ்வளவு நாள் கூடவே சுற்றியவன் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. கதை சொல்கிற இயக்குநரின் குரல் அந்த இடத்தில், மனிதன் நிலாவுக்கே போய்விட்டான், அடுத்தவன் மனசுக்குள் இருக்கிற அண்டத்துக்குப் போக வழியில்லை என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்லும்.

தொப்புள் பேயாக வருவதில்லை. அதுதான் என் ஊகத்தில் ஓட்டை. அவனுக்குக் குடும்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. போய்க் கேட்க ஒரு வீடு இருந்தால்தானே பேயாக வர முடியும்? மாவ்மாவுக்குப் பாட்டி இருந்தாள், சிவப்பு உறை போட்டாள். தொப்புளுக்குத் தெருவில் உறை போட யார்?

#13 | ஸின்சூக்காரன்

அவனுக்குத்தான் வாசலில் மேசை. பேசினில் தண்ணீர்.

#14 | வெள்ளிக்கிழமைக்காரி

ஸின்சூ, இப்படி ஒரு வரியில் அழவைக்காதீர்கள்.

'டிடென்ஷன்' (2019, ஜான் ஷூ) பற்றி யாரும் பேசவில்லையே. 'எ சன்' விருது வாங்கிய அதே கோல்டன் ஹார்ஸில் இதற்கும் ஐந்து விருதுகள். 2017இல் வந்த ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்தது. 1962, ஒரு பள்ளிக்கூடம். தடைசெய்யப்பட்ட புத்தகங்களை ரகசியமாகப் படிக்கிற ஆசிரியர்களும் மாணவர்களும். ராணுவச் சட்டம் 1949 முதல் 1987 வரை நடப்பில் இருந்த நாடு அது, இந்தக் குற்றத்துக்கு உயிரே போகலாம். நாயகி ஃபாங் பொறாமையில் அந்தக் குழுவைக் காட்டிக்கொடுக்கிறாள். அவள் எங்கே கற்றுக்கொண்டாள்? வீட்டில். அப்பாவைத் தாங்கமுடியாத அம்மா, ஒரு வார்த்தை மேலிடத்தில் சொல்லி அவரை உள்ளே அனுப்பிவிடுகிறாள். காட்டிக்கொடுத்தால் வேண்டாதவர்கள் காணாமல்போவார்கள் என்று பெண் பார்த்துவிட்டாள். 'மறந்துவிட்டாயா, நினைக்கப் பயமா?' என்று படம் கேட்கிற கேள்வி அவளைப் பார்த்துத்தான். அந்தப் பள்ளியில் சுற்றுகிற பேயும் அவள்தான். இங்கே பேய் குற்றவாளி, பலியானவள் இல்லை. இடம் கேட்டும் வரவில்லை, ஒப்புக்கொள்ளத் துணிவில்லாமல் அங்கேயே சுற்றுகிறாள்.

#15 | தேநீர் இடைவேளை

அப்படிப் போடுங்கள். ஆனால் வேட்டை நாய் மாதிரி விளக்கு தூக்கிக்கொண்டு ஒரு ராணுவ உடைப் பூதம் வருமே, அதுதான் சொதப்பல். சும்மா ஒரு ராணுவ அதிகாரி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அதைவிடப் பயமாக இருந்திருக்கும்.

'இன்கான்டேஷன்' (2022) பற்றி நானே எழுதிவிடுகிறேன். பயங்கரமாக ஓடியது, 17 கோடி தைவான் டாலர் வசூல். விலக்கப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் போன பெண், ஆறு வருடம் கழித்து வளர்ப்பு இல்லத்திலிருந்து மகளைத் திரும்பக் கூட்டிவருகிறாள். படம் முழுக்க நம்மைப் பார்த்து, இந்த மந்திரத்தைக் கூடச் சேர்ந்து சொல்லுங்கள், என் பிள்ளைக்கு ஆசீர்வாதம் என்பாள். கடைசியில் பார்த்தால் அது ஆசீர்வாதம் இல்லை, சாபம். எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை பங்காகப் பிரியும், அதனால் பிள்ளைக்கு விழுவது குறையும். பார்க்கிற நம் தலையில் கட்டிவிட்டாள். எனக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது.

#16 | வெள்ளிக்கிழமைக்காரி

ஏமாற்றுதான். பிள்ளைக்காக ஊரையே ஏமாற்றுகிறாள். 'எ சன்' அப்பா ஒருவனைக் கொன்றார், அவரைப் பாவம் என்கிறோம். இவள் நம்மையெல்லாம் கொல்லப் பார்த்தாள், ஏமாற்று என்கிறோம். நம் தலையில் விழுந்ததும் கணக்கு மாறிவிட்டது பார்த்தீர்களா?

#17 | தேநீர் இடைவேளை

இதற்குப் பதில் யோசித்துச் சொல்கிறேன். (அந்த மந்திரத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.)

#18 | புதுசு

எல்லோருக்கும் வணக்கம். இழையைப் படித்துவிட்டு 'தி கிரேட் புத்தா பிளஸ்' இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஒரு சந்தேகம். கடைசியில் பெரிய பூஜை நடக்கிறது, எல்லோரும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது டொம் டொம் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. ஹெட்ஃபோன் போடவில்லை, மணி இரவு ஒன்றரை. பக்கத்து வீட்டில் ஏதோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தேன், அதற்குள் திரை இருட்டாகிப் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அது படத்திலேயே வருவதா?

#19 | கடைசிவரிசை

படத்தில்தான். புத்தருக்குள்ளிருந்து.